வாய்னிச் புத்தகத்தைப் படிச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

சிவகாசி_டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேள்வி போடுறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கங்க.

போன மாசம் ஒரு யூடியூப் வீடியோ பாத்தேன். அறுநூறு வருஷமா யாராலயும் படிக்க முடியாத வாய்னிச் புத்தகத்த ஏஐ வச்சு படிச்சாச்சுன்னு தலைப்பு. உள்ள போனா ரெண்டே ரெண்டு வரிய மொழிபெயர்த்துக் காட்டிட்டு முடிச்சுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. யேல் பல்கலைக்கழகத்தோட பைனெக்கி நூலகத்துலதான் அந்தப் புத்தகம் இருக்கு, எம்எஸ் 408ன்னு தேடுனா வருது, மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டுருக்காங்க. அத இறக்கி வச்சுக்கிட்டு தினம் ராத்திரி கடைய சாத்திட்டு வந்து பத்துப் பத்துப் பக்கமா பாத்தேன். கிட்டத்தட்ட 240 பக்கம், ஒரு மாசம் ஆச்சு.

பாக்காதவங்களுக்காக சொல்றேன். முதல் பாதி முழுக்க செடி, பக்கத்துக்கு ஒண்ணு, வேரோட பிடுங்கி வச்ச மாதிரி. அப்புறம் சூரியன், நட்சத்திரம், ராசிச் சக்கரம். அப்புறம் பச்சத் தண்ணி நீலத் தண்ணி நிறைஞ்ச தொட்டியில துணியில்லாம நிக்கிற பொண்ணுங்க, தொட்டிக்குத் தொட்டி குழாய் போகுது. அப்புறம் ஜாடி ஜாடியா, பக்கத்துல வேரும் இலையும். கடைசியில படமே இல்லாம வெறும் எழுத்து, ஒவ்வொரு பத்திக்கு முன்னாடியும் ஓரத்துல ஒரு நட்சத்திரம்.

நான் இருவத்திரெண்டு வருஷமா டிடிபி வேலை பாக்குறவன். பத்திரிகை, நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர்னு எத்தனையோ பக்கம் கட்டியிருக்கேன், அதனால ஒரு பக்கத்த பாத்தா படம் முதல்ல வந்துச்சா எழுத்து முதல்ல வந்துச்சான்னு கண்ணு தானா தேடும். இதுல படம்தான் முதல்ல. இலை எங்க நீட்டிக்கிட்டு இருக்கோ அங்க வரிய நிறுத்தி, தண்டத் தாண்டி மறுபக்கம் அதே வரிய தொடர்ந்திருக்காங்க. இடப்பக்கத்துலருந்து வலப்பக்கம், பத்தியோட கடைசி வரி பாதியில நிக்குது, அதாவது எழுதுனவங்களுக்கு பத்தின்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு. ஆனா அடிச்சுத் திருத்துன இடம் ஒண்ணுகூட என் கண்ணுல படல. ப்ரூஃப் பாத்துப் பாத்துப் பழகுன எனக்கு அதுதான் தூக்கத்தக் கெடுக்குது. இவ்வளவு பக்கத்த ஒருத்தன் தடுமாறாம எழுதணும்னா ஒண்ணு அவனுக்கு அந்த மொழி நல்லா தெரியணும், இல்லன்னா தப்பு சரி பத்தி கவலையே இல்லாம கை போன போக்குல எழுதியிருக்கணும். எது?

அப்புறம் இத யாராவது நெசமாவே படிச்சாங்களா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழஞ்சுவடி:

வணக்கம் சார். நேரடியா சொல்லிடறேன், இன்னும் யாரும் படிக்கல. அறிஞர்கள் ஒத்துக்கிட்ட ஒரு வரி, ஏன் ஒரு சொல்கூட இதுவரைக்கும் இல்ல.

நான் நூலகத்துல பழைய நூல்களுக்கு கேட்டலாக் போடுற வேலையில இருக்கேன், அதனால எனக்கு எழுத்தைவிட அந்தப் பொருள் மேலதான் ஆர்வம் அதிகம். அது காகிதம் இல்ல, கன்னுக்குட்டித் தோலைப் பதப்படுத்தி எழுதறதுக்காக செஞ்ச தாள், ஆங்கிலத்துல வெலம்னு (vellum) சொல்வாங்க. பதினாலு பதினஞ்சு முழுத் தோலாவது செலவாகியிருக்கும்னு கணக்கு. 23 சென்டிமீட்டர் சொச்சம் உயரம், 16 அகலம், கையில அடங்குற புத்தகம்தான், ஆனா சில தாள் மடிப்பு மடிப்பா விரியும், ஒரு தாள் விரிச்சா ஆறு பக்க அளவு வரும், அதுல ஒம்போது வட்டம், நடுவுல ஒரு கோட்டை. அந்தக் கோட்டைச் சுவரோட மேல்பக்கம் புறா வால் மாதிரி பிளந்து இருக்கும், அந்த மாதிரி மதில் வட இத்தாலியில அந்தக் காலத்துல நிறைய.

2009ல அரிசோனா பல்கலைக்கழகத்துல நாலு தாள்லருந்து துணுக்கு எடுத்து கார்பன் தேதி பாத்தாங்க. நாலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போய் 1404க்கும் 1438க்கும் நடுவுலன்னு வந்துச்சு. மையும் அந்தக் கால இரும்பு மைதான்.

நீங்க சொன்ன திருத்தம் விஷயத்துக்கு வரேன். தோல்ல எழுதறவங்க அடிச்சுத் திருத்த மாட்டாங்க, கத்தியால சுரண்டிட்டு மேல எழுதுவாங்க, அதனால ஸ்கேன்ல சட்டுனு தெரியாது. ஆனாலும் நீங்க கவனிச்சது சரி, இதுல திருத்தம் ரொம்ப ரொம்ப கம்மி. அதுக்கு நீங்க சொன்ன ரெண்டு வழி போக மூணாவது ஒண்ணு இருக்கு. இது முதல் எழுத்தா இல்லாம படி எடுத்ததா இருக்கலாம். வேற எதுலயோ எழுதி அடிச்சுத் திருத்தி வச்சதப் பாத்து நிதானமா காப்பி பண்ணா இப்படித்தான் சுத்தமா வரும். அப்புறம் "ஒருத்தன்"னு சொன்னீங்க, அது ஒருத்தர் இல்ல. லிசா ஃபேகின் டேவிஸ்னு பழைய கையெழுத்துல தேர்ந்தவங்க, 2020ல எழுத்து எழுத்தா ஒப்பிட்டு அஞ்சு பேர் கைன்னு சொன்னாங்க. அஞ்சு பேர் உக்காந்து ஒரே எழுத்து முறையில எழுதியிருக்காங்கன்னா அவங்களுக்குள்ள அத யாரோ சொல்லிக் கொடுத்திருக்கணும். எனக்கு அந்தப் புத்தகத்துலயே பெரிய விஷயமா படுறது இதுதான்.


வெட்டு_ஒண்ணு:

இதெல்லாம் அந்த வாய்னிச்சே பண்ண வேலை. அவர் பழைய புத்தகம் விக்கிற வியாபாரி. பழைய தோல் கெடைச்சா வாங்கி வச்சு எழுதி பெரிய விலைக்குத் தள்ளப் பாத்திருப்பார். கார்பன் தேதி தோலுக்குத்தான், எழுத்துக்கு இல்ல. இதுல யோசிக்க ஒண்ணும் இல்லன்னு நெனக்கிறேன்.


பழஞ்சுவடி:

கார்பன் தேதி தோலுக்குத்தான்கிறது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். ஆனா வாய்னிச் பண்ணியிருக்க முடியாது, ஏன்னா அவர் பொறக்கறதுக்கு ரெண்டு நூறு வருஷம் முன்னாடியே இந்தப் புத்தகத்தைப் பத்தி ஆள் புலம்பி எழுதின கடிதம் இருக்கு.

வில்ஃப்ரிட் வாய்னிச் 1912ல ரோமுக்குப் பக்கத்துல ஃப்ராஸ்காட்டியில வில்லா மொன்ட்ராகோனேங்கற இடத்துல இயேசு சபைக்காரங்ககிட்ட சில கையெழுத்து நூல்கள் வாங்கினார், அதுல இது ஒண்ணு. உள்ள ஒரு லத்தீன் கடிதம் இருந்துச்சு. 1665ல பிராகா (இப்ப செக் நாட்டுத் தலைநகர் பிராக்) நகரத்துலருந்து மார்சிங்கற மருத்துவர் ரோமுல இருந்த அத்தனாசியஸ் கிர்ச்சருக்கு எழுதினது. கிர்ச்சர் அந்தக் காலத்துல எல்லா மொழியும் தெரிஞ்சவர்னு பேர் வாங்கினவர், எகிப்து சித்திர எழுத்தையே படிச்சுட்டேன்னு சொன்னவர் (அது தப்புன்னு பின்னால 1822ல ஷாம்போல்லியன் அந்த எழுத்த நெசமாவே படிச்சப்பதான் உறுதியாச்சு). மார்சி என்ன எழுதறார்னா, இது செத்துப்போன நண்பர்கிட்டருந்து எனக்கு வந்துச்சு, பேரரசர் ருடால்ஃப் இத 600 டக்கட் தங்கக் காசு கொடுத்து வாங்கினார்னு ஒருத்தர் சொன்னார், எழுதினது 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேக்கன்னு அவர் நினைச்சார், நீங்கதான் படிக்கணும்னு.

அந்தக் கடிதமும் வாய்னிச் கட்டினதுன்னு சிலர் சொன்னாங்க. ஆனா அந்தச் செத்துப்போன நண்பர், கேயார்க் பாரெஷ்னு பிராகாவுல ரசவாதம் பண்ணிட்டிருந்தவர், அவரே 1639ல கிர்ச்சருக்கு எழுதின கடிதம் தனியா ரோமுல கிர்ச்சரோட கடிதக் கட்டுகளுக்குள்ள கெடைச்சுச்சு. வாய்னிச் இருந்த காலத்துல அதப் பத்தி யாருக்கும் தெரியாது. என் அலமாரியில புரியாத எழுத்துல ஒரு புத்தகம் சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு கிடக்குது, செடி, நட்சத்திரம்னு படம் நிறைய இருக்கு, மருத்துவமா இருக்குமோன்னு நினைக்கறேன்னு எழுதியிருக்கார். அதுக்கும் முன்னாடி ஒருத்தர் கையில இருந்திருக்கு. முதல் பக்கத்து அடியில அழிஞ்சுபோன ஒரு பேர், புற ஊதா வெளிச்சத்துல பாத்தா தெரியுது, ருடால்ஃபோட அரண்மனையில மருந்து காய்ச்சிக் கொடுத்த தெபெனெத்ஸ் யாகுபுஸோட கையெழுத்து. தெபெனெத்ஸ்ங்கற அந்தப் பட்டப் பேர் அவருக்கு 1608லதான் கெடைச்சுச்சு, 1622ல செத்துட்டார். ஆக 1600களோட ஆரம்பத்துல இது பிராகாவுல உறுதியா இருக்கு.

எனக்கு வருத்தம் என்னன்னா அந்தப் பேர நல்லா தெரிய வைக்கறதுக்காக வாய்னிச் அந்த இடத்துல ரசாயனம் தடவினார், தோல் அங்க கெட்டுப்போச்சு. இப்ப ஒரு நூலகத்துல யாராவது அப்படிப் பண்ணா வேலை போயிடும்.

பெரிய விலைன்னு சொன்னீங்களே, அவர் 1930ல சாகற வரைக்கும் இது விக்கவே இல்ல. அவர் மனைவி 1960ல போனாங்க. 1961ல கிராஸ்னு நியூயார்க் வியாபாரி 24,500 டாலருக்கு வாங்கினார், அவராலயும் விக்க முடியாம 1969ல யேலுக்கு தானமா கொடுத்துட்டார்.


மொழிக்கணினி:

அண்ணா, நான் கம்ப்யூட்டேஷனல் லிங்குவிஸ்டிக்ஸ் படிக்கிறேன், எங்க க்ளாஸ்ல இந்தப் புத்தகத்த ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டா எடுத்தோம், அதனால எழுத்துப் பக்கத்துலருந்து சொல்றேன்.

முதல்ல எல்லாரும் பயன்படுத்துற டெக்ஸ்ட் ஃபைல் பத்தி. அந்த எழுத்த கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா நமக்கு ஒரு தட்டச்சு வேணும்ல, அதுக்காக ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு ஆங்கில எழுத்து ஒதுக்கி வச்சிருக்காங்க, ஈவான்னு பேரு. அது உச்சரிப்பு இல்ல, சும்மா அடையாளம். இத புரிஞ்சுக்காமதான் பாதிப் பேர் அதயே வாய்விட்டுப் படிச்சு "அட இது அரபி மாதிரி இருக்கே"ன்னு கெளம்பிடறாங்க.

35,000க்கு மேல சொல் இருக்கு. எந்தச் சொல் எத்தன தடவ வருதுன்னு எண்ணி வரிசைப்படுத்துனா நெசமான மொழியில வர்ற மாதிரியே வளைவு வருது. செடிப் பகுதியில அடிக்கடி வர்ற சொல்லு தொட்டிப் பகுதியில குறையுது, அங்க வேற சொல்லு கூடுது, அதாவது விஷயத்துக்குத் தகுந்த மாதிரி சொல் மாறுது. இதுவரைக்கும் பாத்தா மொழிதான்னு தோணும்.

இப்ப மறுபக்கம். தமிழ்ல ங் எழுதுனா அடுத்து என்ன வரும்? க தான் வரும், யோசிக்கவே வேணாம். ஞ் வந்தா ச. ஆனா அ எழுதுனா அடுத்து எது வேணாலும் வரலாம். ஒரு எழுத்தப் பாத்துட்டு அடுத்தத எவ்வளவு ஈசியா யூகிக்க முடியும்னு அளக்குறதுதான் என்ட்ரோபி, அளவு குறைஞ்சா யூகிக்கிறது ஈசின்னு அர்த்தம். வாய்னிச்சுல கிட்டத்தட்ட எல்லா எழுத்துமே ங் மாதிரி நடந்துக்குது. ஈவாவுல க்யூன்னு எழுதுற எழுத்து வந்தா அடுத்து ஓதான், நூத்துக்கு தொண்ணூத்தஞ்சுக்கு மேல. ஐரோப்பிய மொழிகள்ல இந்த அளவு 3 பிட்டுக்கு மேல இருக்கும், இதுல 2 பிட் பக்கம்தான். 1976ல பென்னட்னு ஒரு பேராசிரியர் இத முதல்ல அளந்து காட்டுனாரு. ஒரு எழுத்துக்குப் பதிலா இன்னொரு எழுத்துன்னு மாத்தி வைக்கிற சாதா ரகசிய எழுத்தா இருந்தா இந்த அளவு மாறவே மாறாது, மூல மொழியில என்ன இருந்துச்சோ அதே வரும். அதனால லத்தீனோ இத்தாலியனோ எழுத்துக்கு எழுத்து மாத்தி எழுதுனதா இருக்க முடியாது. வீடியோக்காரங்க சொல்ற தீர்வுல நெறைய இந்த இடத்துலயே அடிபட்டுப் போயிடும்.

இன்னொண்ணு, ஒரே சொல்லு அடுத்தடுத்து வரும். தொட்டிப் பகுதியில ஒரு வரி ஈவாவுல படிச்சா கொக்கீடி கொக்கீடி கொக்கெடி கொக்கெடி கொக்கீடின்னு போகும். எந்த மொழியில அண்ணா இப்படி எழுதுவாங்க?


சிவகாசி_டிடிபி:

தம்பி, நீ ங், க சொன்னதும் சட்டுனு பிடிபட்டுச்சு, ரொம்ப நன்றி. மேடம் சொன்ன கடிதக் கதையும் எனக்கு புதுசு, அஞ்சு பேர்னு சொன்னதுக்கப்புறம் திரும்பப் போய் பாத்தேன், செடிப் பக்கத்துலயே சில பக்கம் எழுத்து சாய்ஞ்சு நெருக்கமா இருக்கு, சிலது நிமிந்து இருக்கு, முன்னாடி அத பேனா மாத்துனதா நெனச்சுக்கிட்டேன்.

ஆனா ஒரு சந்தேகம். சில எழுத்து சொல்லோட தலையில மட்டும் வருது, சிலது வால்ல மட்டும் வருதுன்னு நானும் பாத்தேன். தமிழ்லயும் அப்படித்தானே. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. க், ச், ட், த், ப், ற் ஆறும் கடைசியில நிக்காது. பள்ளிக்கூடத்துல மொழிமுதல் எழுத்து மொழி இறுதி எழுத்துன்னு மனப்பாடம் பண்ணதுதான். அப்ப இந்த ஒழுங்க வச்சு அது மொழி இல்லன்னு எப்படி சொல்ல முடியும்?


மொழிக்கணினி:

செம பாயிண்ட் அண்ணா. அத வச்சு மட்டும் சொல்ல முடியாதுதான். நன்னூல் விதி மாதிரி இருந்தா பிரச்சனை இல்ல. ஆனா நீங்க பக்கம் கட்டுறவர், இத கேளுங்க. அதுல தலைக்கு மேல நீட்டி வளைச்சு தூக்கு மேடை மாதிரி நாலு எழுத்து இருக்குல்ல, அதுல ரெண்டு பெரும்பாலும் பத்தியோட முதல் வரியில மட்டும்தான் வரும். எம்முன்னு எழுதுற இன்னொரு எழுத்து பெரும்பாலும் வரியோட கடைசியில வரும். சொல்லோட கடைசி இல்ல, வரியோட கடைசி! தமிழ்ல வரி எங்க மடங்குதுங்கறத வச்சு எழுத்து மாறுமா? பேஜ்மேக்கர்ல மார்ஜின இழுத்தா வரி மாறும், எழுத்து மாறாதுல்ல. இங்க மாறுது. பிரெஸ்காட் கரியர்னு அமெரிக்க கடற்படையில இருந்த கோட் நிபுணர் 1976லயே இத கவனிச்சு வரியே ஒரு தனி அலகா நடந்துக்குதுன்னாரு. அவர்தான் புத்தகத்துல ரெண்டு விதமான நடை இருக்கு, ஏ, பின்னு பிரிச்சவரும். எழுதுன கை மாறும்போது நடையும் மாறுது.

அதனால இப்ப ஆளுங்க மூணு பக்கமா நிக்கிறாங்க. ஒண்ணு, அர்த்தமே இல்லாத எழுத்து. 2004ல கார்டன் ரக்னு ஒருத்தர், ஓட்டை போட்ட அட்டைய ஒரு அட்டவணை மேல நகர்த்தி நகர்த்தி இந்த மாதிரி சொல்ல உற்பத்தி பண்ணிக் காட்டுனாரு, ஆனா அந்த அட்டை முறை வந்தது 1550 வாக்குல, தோல் அதுக்கு நூறு வருஷம் முந்தினது. டார்ஸ்டன் டிம்னு இன்னொருத்தர் சொல்றது எனக்கு இன்னும் சரியா படுது, எழுதுறவர் அதே பக்கத்துல மேல இருக்குற சொல்லப் பாத்து லேசா மாத்தி மாத்தி கீழ எழுதிட்டே போயிருக்காருன்னு. அப்படின்னா கொக்கீடி கொக்கெடி ஏன் பக்கத்துல பக்கத்துல வருதுன்னு புரிஞ்சிடுது. 2022ல கேஸ்கல், பௌவர்ன்னு ரெண்டு பேர், ஆளுங்கள கூப்பிட்டு அர்த்தம் இல்லாம நெறைய எழுதுங்கன்னு எழுத வச்சுப் பாத்தாங்க, கை சும்மா எழுதும்போது தானா திரும்பத் திரும்ப அதே மாதிரி சொல்தான் வருது, வாய்னிச்சோட பல குணம் அதுல இருந்துச்சு.

ரெண்டாவது, சிக்கலான ரகசிய எழுத்து. 2025ல கிரெஷ்கோன்னு ஒருத்தர், பகடையும் சீட்டுக்கட்டும் வச்சு லத்தீன், இத்தாலியன கையாலயே வாய்னிச் மாதிரி மாத்த முடியும்னு செஞ்சு காட்டுனாரு. ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்துன்னு இல்லாம ஒரு எழுத்துக்கு ஒரு சொல்லளவு எழுதுற மாதிரி. அவரே இது வாய்னிச்சோட சாவி இல்ல, இப்படி ஒண்ணு அந்தக் காலத்துல சாத்தியம்னு மட்டும்தான் சொல்றாரு.

மூணாவது, யாரோ உருவாக்குன செயற்கை மொழி.

நான் முதல் பக்கம்தான். ஆனா பந்தயம் கட்டுற அளவுக்கு உறுதி இல்ல.


தாவரப்பித்தன்:

செடிய பத்தி யாரும் பேசலயே. நான் பாட்டனி வாத்தியார். செடிய அடையாளம் கண்டா பேர் தெரியும், பேர் தெரிஞ்சா சொல் தெரியும், சொல் தெரிஞ்சா எழுத்து தெரியும்னுதான் நானும் ஆரம்பிச்சேன். கஷ்டம் என்னன்னா வேர் ஒரு செடியோடது, இலை இன்னொண்ணோடது, பூ எங்கயும் இல்லாதது. சில வேருக்கு மனுஷ முகம் இருக்கு. எனக்குத் தெரிஞ்சு எல்லாரும் ஓரளவு ஒத்துக்கறது 9ஆம் தாள் பின்பக்கத்துல இருக்குற வயோலாப் பூ, ஆங்கிலத்துல பான்ஸின்னு சொல்ற வகை. ஆனா அந்தப் பக்கத்துல எழுதியிருக்குற முதல் சொல்ல வயோலான்னு வச்சுக்கிட்டு அதே எழுத்த வேற பக்கத்துல பொருத்துனா எதுவும் நிக்கல. நானே மூணு வாரம் உக்காந்து பாத்தேன்.

1944ல ஓநீல்னு ஒரு தாவரவியல் பேராசிரியர் ஒரு படம் சூரியகாந்தின்னு சொன்னாரு. சூரியகாந்தி அமெரிக்கச் செடி, கொலம்பஸ் போய் வந்தப்புறம்தான் ஐரோப்பாவுக்கு வந்துருக்கும், அப்ப புத்தகம் 1493க்குப் பிந்தினதுன்னு பல வருஷம் நம்புனாங்க. கார்பன் தேதி வந்ததும் அது விழுந்துடுச்சு. 2013லயும் ரெண்டு பேர் மெக்சிகோச் செடி, அந்த ஊர் பழங்குடிகளோட நவாட்டில் மொழின்னு எழுதுனாங்க. படத்தப் பாத்து செடி சொல்றது மேகத்தப் பாத்து யானை சொல்ற மாதிரி ஆயிடுது, நான் வாத்தியாரா இருந்தும் எனக்கே அப்படித்தான் ஆச்சு.


குறியீடு_63:

டிடிபி அண்ணே, "யாராவது படிச்சாங்களா"ன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ரெண்டு பேர் கதைய சொல்றேன். இந்த ரெண்டு பேரும் தெரிஞ்சா அடுத்த வீடியோ வரும்போது உங்களுக்கே தெரியும் எங்க கேள்வி கேக்கணும்னு.

வில்லியம் ரொமெய்ன் நியூபோல்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல தத்துவப் பேராசிரியர். 1921ல படிச்சுட்டேன்னு அறிவிச்சாரு. ஒவ்வொரு எழுத்தையும் பூதக்கண்ணாடியில பாத்தா அது குட்டிக் குட்டிக் கோடா உடைஞ்சு தெரியுது, அந்தக் கோடுதான் நெசமான எழுத்து, பழைய கிரேக்க சுருக்கெழுத்துன்னாரு. எழுதுனது ரோஜர் பேக்கன், அவர் 13ஆம் நூற்றாண்டுலயே தொலைநோக்கி வச்சு ஆண்ட்ரோமிடா நட்சத்திரக் கூட்டத்த பாத்துருக்காரு அப்படி இப்படின்னு பெரிய கண்டுபிடிப்பா வந்துச்சு. பேப்பர் எல்லாம் எழுதுனாங்க. மனுஷன் பொய் சொல்லல, முழுசா நம்புனாரு. 1926ல செத்துட்டாரு, புத்தகம் அவர் போனப்புறம் 1928ல வந்துச்சு. அவரோட நண்பர் ஜான் மேன்லி, முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துக்கு கோட் உடைச்ச ஆளு, நண்பர்னும் பாக்காம 1931ல ஒரு கட்டுரை எழுதுனாரு. அந்தக் குட்டிக் கோடெல்லாம் தோல் சொரசொரப்புல மை காய்ஞ்சு வெடிச்ச விரிசல். அதுலருந்து வந்த எழுத்துகள மாத்தி மாத்தி அடுக்குனா என்ன வேணா எழுதிக்கலாம், அதனால நியூபோல்ட் மனசுல இருந்ததுதான் நியூபோல்டுக்குக் கெடைச்சுச்சு.

இதுதான் சோதனை. ஒருத்தர் சாவி கண்டுபிடிச்சேன்னு சொன்னா, அந்தச் சாவிய எழுதி இன்னொருத்தர் கையில கொடுக்கணும், அவர் மொத ஆள் தொடாத ஒரு பக்கத்த தனியா படிக்கணும், ரெண்டு பேருக்கும் ஒரே அர்த்தம் வரணும். 2018ல எபிரேயம்னு செய்தியாச்சே, அதுல முதல் வாக்கியத்த கூகுள் ட்ரான்ஸ்லேட்டுல போட்டு எழுத்துப்பிழையத் திருத்தித்தான் ஒரு வாக்கியம் வர வச்சாங்க. 2019ல செஷையர்னு ஒருத்தர் ஆதி ரோமான்ஸ் மொழின்னாரு, அதாவது லத்தீன்லருந்து இத்தாலியன், பிரெஞ்சு எல்லாம் பிரியறதுக்கு முன்னாடி இருந்த மொழின்னு, பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அறிக்கையெல்லாம் விட்டுட்டு ரெண்டொரு நாள்ல விலகிக்கிச்சு. இந்தச் சோதனையில இதுவரைக்கும் யாரும் தேறல.

இன்னொருத்தர் வில்லியம் ஃபிரைட்மன். ஜப்பான்காரனோட பர்ப்பிள்ங்கற ரகசியத் தூதரகக் கோடை 1940ல உடைச்ச குழுவோட தலைவர், இருபதாம் நூற்றாண்டுல இவர விட்டா கோட் உடைக்க ஆள் இல்லன்னு சொல்லலாம். அவரும் அவர் மனைவி எலிசபெத்தும், அவங்களும் அதே அளவு கெட்டிக்காரங்க, ரெண்டு பேருக்கும் இந்தப் புத்தகம் வாழ்க்கை முழுக்க கூடவே இருந்துச்சு. 1944ல போர் நடக்குற நேரத்துலயே வேலை முடிஞ்சப்புறம் சக நிபுணர்கள உக்கார வச்சு இத எழுத்து எழுத்தா பஞ்ச் கார்டுல (மெஷின் படிக்கிற ஓட்டை போட்ட அட்டை) ஏத்த ஆரம்பிச்சாரு. முடியல. 1959ல ஒரு கட்டுரை அடிக்குறிப்புல தன்னோட முடிவ எழுத்துகள கலைச்சுப் போட்டு புதிரா வச்சாரு, பதிலை ஒரு உறையில போட்டு பத்திரிகை ஆசிரியர்கிட்ட கொடுத்துட்டாரு. 1969ல செத்தாரு. 1970ல பிரிச்சா, இது யாரோ அடிப்படையிலருந்து தானா கட்டுன செயற்கை மொழின்னு இருந்துச்சு. அவ்வளவு பெரிய ஆளே முடிவ நிரூபிக்க முடியலன்னு தெரிஞ்சுதான் வெளிப்படையா சொல்லாம வச்சிருந்தாரு. எனக்கு அவர் மேல மரியாதை கூடுனது அந்த இடத்துலதான்.


வெட்டு_ஒண்ணு:

சரி, கடிதம் இருக்குன்னு தெரியாம வாய்னிச் மேல பழி போட்டுட்டேன், அத திரும்ப எடுத்துக்கறேன். ஆனாலும் அர்த்தம் இல்லாத எழுத்துங்கறதுல மாறல. மொழிக்கணினி சொன்னத கேட்டப்புறம் இன்னும் உறுதியாச்சு. ஒரு வைத்தியனோ வேற எவனோ தன்கிட்ட யாருக்கும் தெரியாத வித்தை இருக்குன்னு காட்டிக்க இப்படி ஒண்ணு பண்ணி மேசையில வச்சிருப்பான். வர்றவன் படம் பாத்தே அசந்துருவான்.


பழஞ்சுவடி:

இருக்கலாம். 15ஆம் நூற்றாண்டுல அப்படி ஒருத்தர் இருந்தார்னா எனக்கு ஆச்சரியம் இல்ல. ஆனா காட்டறதுக்கு மட்டும்னா இருவது பக்கம் போதும். படமே இல்லாத அந்தக் கடைசி இருபத்து சொச்சம் பக்கம், நெருக்க நெருக்கமா சின்ன எழுத்து, அத எந்த வாடிக்கையாளருக்காக எழுதினாங்க? அதுக்கும் தோல் வாங்கணும், மை காய்ச்சணும், ஆளுக்குக் கூலி கொடுக்கணும். எழுதினவங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கு. புத்தகத்த யாரோ கையாண்டும் இருக்காங்க, ராசிச் சக்கரத்து நடுவுல வேற ஒரு கை மாசத்துப் பேர சாதாரண எழுத்துல எழுதி வச்சிருக்கு. மகரமும் கும்பமும் இருந்த தாள் போயிடுச்சு. மொத்தம் 116 தாளுக்கு எண் போட்டிருக்காங்க, அதுல 14 இப்ப இல்ல. காணாமப் போனதுல என்ன இருந்துச்சோன்னு நான் அடிக்கடி நினைப்பேன்.


சிவகாசி_டிடிபி:

எல்லாருக்கும் மனசார நன்றி. நான் கேட்டதுக்கு மேல கெடைச்சுருச்சு. தாவரப்பித்தன் சார் மூணு வாரம் உக்காந்தேன்னு சொன்னது எனக்கு ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா நானும் ஒரு கட்டுரை நோட்டு வாங்கி அந்த எழுத்தெல்லாம் மேலருந்து கீழ ஒரு வரிசையா எழுதி பக்கத்துல தமிழ் எழுத்த அடுக்கி, பொருந்துதா பொருந்துதான்னு பாத்து அழிச்சு அழிச்சு எழுதுனேன். வீட்டுல என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க, சொல்லத் தெரியல.


பழஞ்சுவடி:

சார், அப்ப நீங்க ஒண்ணு பாக்கணும். 2014ல சில பக்கத்த மல்டிஸ்பெக்ட்ரல் முறையில, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துலயும் சேத்து படம் எடுத்தாங்க. அது வெளிய வராமலே கிடந்து 2024லதான் டேவிஸ் எல்லாருக்கும் போட்டாங்க. முதல் தாளோட வலது ஓரத்தப் பாருங்க.


சிவகாசி_டிடிபி:

பாத்துட்டேன் மேடம். என்கிட்ட இருக்குற ஸ்கேன்ல அந்த இடம் லேசா அழுக்குப் பட்ட மாதிரிதான் தெரியுது, நான் ஸ்க்ரோல் பண்ணி தாண்டிப் போயிருக்கேன். அந்தப் புதுப் படத்துல மூணு வரிசை தெரியுது, மேலருந்து கீழ. ரெண்டு வரிசை சாதாரண ஏ பி சி டி, ஒரு வரிசை அந்தப் புத்தகத்து எழுத்து. பக்கத்துல பக்கத்துல அடுக்கியிருக்காங்க. அந்த டேவிஸ் மேடம் இது கிர்ச்சருக்குக் கடிதம் எழுதுன அதே மார்சியோட கையெழுத்து மாதிரி இருக்குன்னு சொல்லியிருக்காங்க.

ரொம்ப நேரம் அதயே பாத்துக்கிட்டு இருந்தேன். என் நோட்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டேன். வரிசை வச்ச விதம் ஒண்ணேதான்.

தம்பி மொழிக்கணினி, ஒண்ணு கேக்கணும். 57ஆம் தாள் பின்பக்கத்துல வட்டத்துக்குள்ள வட்டமா ஒரு படம் இருக்கே, அதுல உள்ள ஒரு வளையத்துல சொல்லு இல்லாம தனித்தனி எழுத்தா சுத்தி வருது. எண்ணிப் பாத்தேன், 17 எழுத்து, அதே வரிசையில நாலு தடவ. அதுல சில எழுத்து வேற எங்கயும் பாத்த ஞாபகம் இல்ல. அது என்ன, நெடுங்கணக்கா? இதப் பத்தி யாராவது எழுதியிருந்தா லிங்க் போடுப்பா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு.


மொழிக்கணினி:

போடுறேன் அண்ணா, நெறைய இருக்கு. 17 தடவ 4ன்னு நீங்களே எண்ணிட்டீங்களா! எங்க க்ளாஸ்ல அத சார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நெடுங்கணக்கா இருக்குமோன்னு பல பேர் முயற்சி பண்ணியிருக்காங்க, மத்த பக்கத்தோட ஒத்துவரல. நீங்க உங்க நோட்டுல அந்தப் பக்கம் எழுதியிருந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க, சேந்து பாப்போம்.